ஹோயாவுக்கு கவ்வாத்து வேணாம்

இலை பளபளன்னு இருக்கு, கொடி ஜன்னல் கம்பி பூரா சுத்திக்கிட்டு போகுது, ஆனா வருஷக்கணக்கா ஒரு பூவும் இல்லன்னு ஹோயாங்கிற பூங்கொடியை வெச்சிருக்கிற நிறைய பேர் சொல்லுவாங்க. போய் பார்த்தா பாதி வீட்டுல காரணம் கத்தரிக்கோல்தான். நம்ம மலையகத்து கை அப்படி, எது நீட்டிக்கிட்டு நின்னாலும் கவ்வாத்து பண்ணாம விட மனசு வராது. தேயிலைக்கு அது சரி, அங்க நமக்கு வேணும்கிறது கொழுந்து. இங்க வேணும்கிறது பூ.

பூ எங்கேர்ந்து வருதுன்னு கிட்ட போய் பாருங்க. இலை கணுவுக்கு பக்கத்துல இலையே இல்லாம குட்டியா ஒரு காம்பு கிளம்பும், அதோட நுனியிலதான் மொட்டு கொத்தா வரும். நம்ம பக்கம் அதிகமா இருக்கிற கார்னோசா வகைன்னா ஒரு கொத்துல 10, 20, சில நேரம் 30 பூ கூட இருக்கும், வெளிறின ரோஸ் கலர்ல மெழுகுல செஞ்சு வெச்ச மாதிரி, நடுவுல சிவப்பா இன்னொரு சின்ன நட்சத்திரம். பூ கொட்டினப்புறம் அந்த காம்பு காஞ்ச குச்சியா நிக்கும், பார்க்க ஒண்ணுக்கும் உதவாததுன்னுதான் தோணும், ஆனா அதுக்கு உயிர் இருக்கு, அடுத்த தடவை மொட்டு அதே நுனியில வரும், பழைய பூ விழுந்த தழும்பை கூட அதுல நெருக்க நெருக்கமா பார்க்கலாம். அதை வெட்டினா செடி திரும்ப முதல்லேர்ந்து புதுக்காம்பு விடணும். அதே போல இலையில்லாம நீளமா ஒரு கொடி காத்துல ஆடிக்கிட்டு பிடி தேடும், அதையும் வெட்டாதீங்க, இலை பின்னாடி வரும். ஒரு கம்பி வளையத்துல மெதுவா சுத்தி விட்டா போதும். வீட்டுல கொழுந்தெடுத்து பழகின அம்மாயி இருந்தா கத்தரிக்கோலை ஒளிச்சு வைங்க, நுனியை கிள்ளிட்டு ரெண்டா கிளைக்கும்னு சொல்லுவாங்க, கிளைக்கும்தான், பூக்காது.

அடுத்த காரணம் வெளிச்சம். இருட்டு ரூம்ல ஹோயா சாகாது, அதனாலதான் எல்லாரும் ஏமாந்து போறது, உயிரோட இருக்கும் ஆனா பூக்காது. கிழக்கு பார்த்த ஜன்னல் இல்லன்னா இஸ்தோப்புல, அதாவது முன் வராந்தாவுல, காலை வெயில் படுற ஓரம், அதுதான் இடம். உச்சி வெயில் நேரா பட்டா இலை மஞ்சளாயிரும், நம்ம மேட்டுல குளிரா இருந்தாலும் வெயில் சுள்ளுன்னு அடிக்கும் இல்லையா. மொட்டு வந்ததுக்கப்புறம் சட்டியை இங்க அங்க மாத்தவே கூடாது, மண்ணை ஒரேயடியா காய விடவும் கூடாது, மொட்டு பூரா மஞ்சளாகி கொட்டிரும்.

தண்ணி விஷயத்துல ஊருக்கு ஊர் கணக்கு வேற. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழையும் மிஸ்ட்டும், சட்டி காயவே காயாது, அந்த நேரம் தினமும் தண்ணி ஊத்தினா வேர் அழுகிரும். அதே நேரம் பதுளை, பண்டாரவளை பக்கம் காஞ்ச காத்து அடிக்கும், அங்க அடிக்கடி பார்க்கணும். கிழமையை வெச்சு ஊத்தாம இலையை தொட்டு பாருங்க, முத்தின இலையை லேசா வளைச்சா விறைப்பா நின்னா தண்ணி வேணாம், தொளதொளன்னு மடங்கினா ஊத்தலாம். ஆனா ஒண்ணு, மண்ணு ஈரமா இருந்தும் இலை சுருங்கியிருந்தா அது தாகம் இல்ல, வேர் போயிருச்சு. உடனே எடுத்து கறுப்பான வேரை வெட்டிட்டு புதுசா நடுங்க, இந்த ஒரு இடத்துல வெட்டலாம்.

ஹோயா காட்டுல மரத்து மேல ஒட்டி வளர்ற கொடி, நம்ம நாட்டு காட்டுலயே ஹோயா பௌசிஃப்ளோரா, ஹோயா ஓவலிஃபோலியான்னு வகை இருக்கு. அதனால வேருக்கு காத்து வேணும். பொச்சுமட்டையை, அதாவது தேங்காய் மட்டையை, சின்னச்சின்னதா வெட்டி நல்லா அலசி, அதோட கரித்துண்டு, உடைச்ச செங்கல், ஒரு கைப்பிடி கொம்போஸ்ட், இது போதும். மட்டையிலேர்ந்து உதிர்ற தூளான தும்புச்சோறு மட்டும் தனியா போட்டா மழைக்காலத்துல தண்ணியை பிடிச்சு வெச்சுக்கும். சட்டிக்கு காசு செலவழிக்காதீங்க, தயிர் வர்ற மண்சட்டியை ஒரு ராத்திரி தண்ணில ஊற வெச்சு அடியில ட்ரில்லால ஓட்டை போட்டா அருமையான சட்டி. சின்னதா இருக்கேன்னு கவலைப்படாதீங்க, ஹோயா வேர் நெருக்கமா இருந்தாத்தான் பூக்க யோசிக்கும், பெரிய சட்டியில வெச்சா மண்ணுதான் ஈரமா கிடக்கும். வேர் ஓட்டை வழியா வெளியில வந்தப்புறம் ஒரு சைஸ் பெருசு, அவ்வளவுதான்.

தோட்டத்துலேர்ந்து யூரியா கொஞ்சம் கிடைக்குதுன்னு அதை போடாதீங்க, நைட்ரஜன் ஏறி இலைதான் பெருக்கும். பூச்செடிக்கு விக்கிற கரைக்கிற உரத்தை பாக்கெட்டுல சொன்னதுல பாதி அளவு, அதுவும் வளர்ற காலத்துல மட்டும். ஜனவரி, பெப்ரவரி ராத்திரி குளிர் கார்னோசாவுக்கு நல்லதுதான், தண்ணியை குறைச்சு சும்மா விட்டா அதுக்கப்புறம் பூக்க தோது. ஆனா 10 டிகிரிக்கு கீழ போற ராத்திரி, முக்கியமா நுவரெலியா பக்கம் துகள் பனி விழுற நேரம், உள்ள எடுத்து வெச்சிருங்க. இதய வடிவ இலை வர்ற கெரியை வகைக்கு குளிர் ஆகவே ஆகாது, பதுளை பக்கம் உள்ளவங்க வெச்சுக்கட்டும்.

ஹோயான்னு பேர் வந்தது தாமஸ் ஹோய்ங்கிற இங்கிலாந்து தோட்டக்காரரால, 1810ல ரொபர்ட் பிரவுன்ங்கிற தாவரவியல் அறிஞர் வெச்சாரு. தொரை பேரை விட்டுட்டு தோட்டக்காரர் பேரை வெச்சதுல எனக்கு ஒரு திருப்தி.

எருக்குல வர்ற அதே மஞ்சள் அழுக்கணவன் பூச்சி இதோட இளம் நுனிக்கும் வரும், கணு இடுக்குல வெள்ளையா பஞ்சு தெரிஞ்சா மாவுப்பூச்சி. எறும்பு வரிசை போனாலே சந்தேகப்படுங்க, ஆனா பூத்திருக்கும்போது பூவே தேன் சொட்டும், அதுக்கும் எறும்பு வரும், அது பரவாயில்ல, கீழ ஒரு பழைய பேப்பர் போடுங்க. பூச்சிக்கு சவர்க்காரத் தண்ணில துணியை நனைச்சு துடைச்சு, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை திரும்ப பாருங்க. வாசம் ராத்திரியில தூக்கலா இருக்கும், தலைவலி உள்ளவங்க படுக்கை ரூம்ல வெக்க வேணாம்.

யாருக்காவது கன்று கொடுக்கணும்னா ரெண்டு கணு உள்ள துண்டை எடுங்க, பூக்காம்பு இல்லாத கொடியா பார்த்து. வெட்டின இடத்துல பால் வடியும், கைல பட்டா கழுவுங்க, பால் காஞ்சதும் ஒரு கணு முங்குற மாதிரி தண்ணி போத்தல்ல வெச்சா சில வாரத்துல வேர் விடும். கடையில ஒத்தை இதய இலையை சட்டியில குத்தி விக்கிறாங்களே, அதை கொடி வரும்னு நம்பி வாங்காதீங்க, தண்டோட கணு இல்லன்னா வருஷக்கணக்கா அந்த ஒரு இலையாவே நிக்கும். வாங்குறதுன்னா கொடியோட வாங்குங்க. கணுவோட நட்ட சின்னத் துண்டு பூக்க சாதாரணமா ரெண்டு மூணு வருஷம் எடுக்கும்.