கடைக்கால் மார்க்கிங்குக்கு டோட்டல் ஸ்டேஷன்

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் கடைக்கால் மார்க்கிங்குக்கு, அதாவது தூண் வரும் இடங்களைத் தரையில் குறித்துக் கொடுக்க, யார் கூப்பிட்டாலும் நான் முதலில் பார்ப்பது பிளானை இல்லை, மனையின் நாலு மூலைக் கல்லை. பத்திரத்தில் முப்பதுக்கு நாற்பது என்று இருக்கும். அளந்தால் ஒரு பக்கம் அரை அடி இடிக்கும். நாலு கல்லுக்கும் டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் மெஷின்) ரீடிங் எடுத்து ஓனரிடம் காட்டிவிடுங்கள். தூண் பேச்சு அப்புறம்தான்.

மெஷின் நிற்கும் பாயின்டும், திசை பிடிக்க அது முதலில் பார்க்கும் பேக்சைட் பாயின்டும் ஜேசிபி வராத இடத்தில் இருக்கட்டும். பேக்சைட் எல்லாத் தூண்களையும் தாண்டித் தூரமாக இருக்க வேண்டும். 5 மீட்டரில் பேக்சைட் வைத்து அதில் 5 மி.மீ. பிசகினால், 20 மீட்டரில் இருக்கும் தூண் 20 மி.மீ. தள்ளிப்போகும். வைத்த கையோடு அந்தத் தூரத்தையும் டேப் போட்டு ஒப்பிடுங்கள். 30 மி.மீ. மாதிரி வித்தியாசம் வந்தால் பிரிஸம் மாறிலியை, அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிஸத்துக்கேற்ப தூரத்தில் சேர்க்கும் திருத்த எண்ணை, பாருங்கள். வாடகை மெஷினில் முன்னால் எடுத்தவர் வைத்த எண்ணே கிடக்கும்.

பிளான் அடிக்கணக்கில் வரும், 0.3048-ஆல் பெருக்கி மீட்டராக்கி ஏற்றுங்கள்.

இனி பிரிஸம் மாட்டிய கம்பத்தைப் பிடிக்கிற பையன். சைட்டில் வரும் தப்பில் பாதி இவன் கையில்தான். கோணத்தில் 5 செகண்ட் துல்லியமுள்ள மெஷின் 30 மீட்டரில் பக்கவாட்டில் ஒரு மி.மீ.கூட பிசகாது. ஆனால் ஒன்றரை மீட்டர் கம்பம் ஒரு டிகிரி சாய்ந்தால் 26 மி.மீ. போச்சு. அதனால் மினி பிரிஸத்தை, தூண் சென்டரில் அடிக்கும் முளைக்கு மேல் ஒரு அடிக்குள் வையுங்கள். அதே சாய்வுக்கு 5 மி.மீ.தான் போகும். முளையை அடித்து இறக்கியபின் அதன் தலையில் மறுபடி ரீடிங் எடுத்து ஆணி அடியுங்கள். அடிக்கும்போது முளை நகரும். மலையடிவார மனைகளில் பாறை தட்டினால் முளை இறங்காது, உளியால் கொத்திப் பெயின்ட் வைக்க வேண்டியதுதான்.

மேஸ்திரி மூலைமட்டம் பார்க்காமல் விடமாட்டார், விடவும் கூடாது. ஓரத் தூண்களின் சென்டர் 24க்கு 32 அடி என்றால் குறுக்களவு இரண்டும் 40 அடி வரணும். “மெஷின் இருக்கட்டும் தம்பி, கயிறு என்ன சொல்லுது?” என்று கேட்பார். கயிறைப் பிடித்துக் காட்டுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுவேன். வெயில் ஏறினால் லென்ஸில் பிரிஸம் நெளியும், மெஷினின் மட்டக் குமிழியும் ஒரு பக்கமாக நகரும். மெஷினுக்குக் குடை கட்டாயம். வெப்பத் திருத்தம் பற்றி வீட்டு மனைக்குக் கவலைப்படாதீர்கள்: 15 டிகிரி மாறினாலும் 30 மீட்டரில் அரை மி.மீ.தான்.

ஜேசிபி இறங்கினால் சென்டர் முளை ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு வரிசைக்கும் இரு பக்கமும், குழிக்கு ஒன்றரை மீட்டர் வெளியே, ஒரு ஆஃப்செட் முளை அடித்து சிமென்ட் கொட்டுங்கள். குழி தோண்டி பிசிசி (அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்) போட்டு இறுகியதும் மெஷினைத் திரும்ப வைத்து, தூண் சென்டரை அதன் மேலேயே குறித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரு பக்க ஆஃப்செட் முளைகளுக்கு இடையே கட்டிய கயிறோடு அது ஒத்துப்போகாவிட்டால் கம்பிக் கூட்டை இறக்க விடாதீர்கள்.