ஷட்டவுன் வந்தால் வரி உதவிக்கு எங்கே போவது?

அமெரிக்காவுக்கு வந்த முதல் வருஷமே ‘கவர்ன்மென்ட் ஷட்டவுன்’ என்று செய்தி ஓடினால் பதற வேண்டாம். செலவுக்கான பணத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் உரிய நேரத்தில் ஒதுக்கவில்லை என்றால், அவசரமில்லாத மத்திய அரசு வேலைகள் நின்றுவிடும். உங்கள் வரிக்கெடு மட்டும் நிற்காது. 2025இல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை ஷட்டவுன் நீடித்தது. மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் முதல் சில நாட்கள் கையிருப்பு நிதியில் ஓடி, அக்டோபர் 8 அன்று சுமார் 34,000 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. வரி ரிட்டர்ன் போட நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு அக்டோபர் 15 கடைசி நாள். ஷட்டவுனைக் காரணம் காட்டி அதைத் தள்ளிவைக்கவில்லை.

நடை சாத்திய கோயிலில் உண்டியல் மட்டும் வெளியே இருப்பதுபோலத்தான். வரிப்பணம் அரசுச் சொத்து, அதைக் காப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. கேள்வி கேட்க வருபவருக்கு அந்த விலக்கு இல்லை. 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் ஷட்டவுனில், நமக்காகப் பரிந்து பேச வேண்டிய டாக்ஸ்பேயர் அட்வகேட் அலுவலகத்தில் தபாலைப் பிரித்துக் காசோலை இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே அனுமதி. உள்ளே இருந்த மனுவுக்கு உதவக் கூடாதாம்! மீண்டும் திறந்தபோது ஐஆர்எஸ்ஸில் ஏறத்தாழ 50 லட்சம் தபால்கள் குவிந்துகிடந்தன.

அதனால் ஆள் தேவைப்படும் வேலைகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்4 விசாவில் வந்த மனைவிக்கோ கணவருக்கோ, சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காதவர்களுக்கான வரி எண்ணான ஐடின் (ITIN) எடுப்பது அதில் முதன்மையானது. இதற்காகப் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் ஐஆர்எஸ் உதவி மையம் மூடியிருந்தால் அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பத் துணியாதீர்கள். ஐஆர்எஸ் அங்கீகரித்த ‘சர்ட்டிஃபையிங் ஏஜென்ட்’ பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து உடனே திருப்பித் தந்துவிடுவார். கட்டணம் வாங்குவார், கொடுக்கலாம். எண் வரத் தாமதமானாலும் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கும்.

ஐஆர்எஸ் இணையக் கணக்கையும் இப்போதே திறந்து வையுங்கள். மூடியிருக்கும்போதும் கட்டிய வரி, பழைய ரிட்டர்ன் விவரம், ரீஃபண்ட் நிலை எல்லாம் அதில் பார்த்துக்கொள்ளலாம். ரிட்டர்னை ஆன்லைனில் பிழையில்லாமல் போட்டு, ரீஃபண்டை நேரே வங்கிக் கணக்குக்குக் கேளுங்கள். காகிதத்தில் போட்டால் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஐஆர்எஸ்ஸிலிருந்து கடிதம் வந்தால்? கடிதம் அனுப்புவது கம்ப்யூட்டர், அதற்கு ஷட்டவுன் தெரியாது. அதில் குறித்த தேதிக்குள் பதில் எழுதி, சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மனிதரிடம்தான் பேச வேண்டும் என்றால், நூலகங்களிலும் கல்லூரிகளிலும் வரி சீசனில் ரிட்டர்ன் போட உதவும் ‘வீட்டா’ (VITA) இலவச முகாம்களில் தன்னார்வலர்கள் இருப்பார்கள். எஃப்1 விசா மாணவர் என்றால், வரிக்கணக்கில் ‘நான்ரெசிடென்ட்’ ஆனவர்களுக்கான 1040-என்ஆர் படிவத்தை அங்கே போட்டுத் தருவார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா முகாமிலும் போடமாட்டார்கள். வரித் தகராறு என்றால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டக் கல்லூரிகளும் சட்ட உதவி அமைப்புகளும் நடத்தும் வரி கிளினிக்குகள் உண்டு. ஐஆர்எஸ் மானியம் பெற்றாலும் அவை ஐஆர்எஸ் அலுவலகங்கள் அல்ல. மாநில வரி அலுவலகமும் வழக்கம்போல் இயங்கும். டெக்சாஸ், ஃப்ளோரிடாக்காரர்களுக்கு அந்தக் கவலையே இல்லை, அங்கே மாநில வருமான வரி கிடையாது.