காய்ந்தால் சாகும் விதை: அரோகேரியாவில் உலர்த்தல் ஆய்வு செய்வது எப்படி?

தெற்கு பிரேசிலின் மேட்டு நிலங்களில் வளரும் அரோகேரியா அங்குஸ்டிஃபோலியா அழிவின் விளிம்பில் இருக்கும் மரம். அதன் விதையை உலர்த்தி விதை வங்கியில் வைக்கவும் முடியாது. விழும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரப்பதம் 38 சதவீதத்தை நெருங்கும்போது உயிர்த்திறன் பெரும்பாலும் போய்விடுகிறது. இதே பேரினத்தில் ஆஸ்திரேலியாவின் கன்னிங்ஹாமி இனத்து விதை உலர்த்தலைத் தாங்கும். ஆகவே ஓர் இனத்தின் முடிவை இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

1. விதை சேகரிப்பு

பரானா மாநிலத்தில் ஏப்ரல் 1-க்கு முன் விதை பறிக்கத் தடை உண்டு. அதற்குமுன் பறித்தால் பெரும்பாலும் முதிராத விதைதான் கிடைக்கும். தானாக விழுந்த விதையை அன்றன்றே பொறுக்குங்கள். ஒவ்வொரு தாய்மரத்தின் விதைக்கும் தனிப் பை, தனி எண். கீழே சொல்லும் முழுத் திட்டத்துக்கு ஏறத்தாழ 1,050 விதை வேண்டும். ஒன்று சுமார் 7 கிராம் என்றால், 7 கிலோவுக்குச் சற்று மேல்.

விதைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை நீக்குங்கள். அவை பொக்காக இருக்கும், அல்லது சிடியா அரோகேரியே என்ற அந்துப்பூச்சியின் புழு துளைத்திருக்கும். பொறுக்கிய அன்றே இதைச் செய்ய வேண்டும். தாமதித்தால் காய்ந்துபோன நல்ல விதையும் மிதக்கும்.

2. ஈரப்பதம் அளத்தல்

ஐந்து விதைகளை 7 மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளாக விரைவாக நறுக்கிக் கலக்குங்கள். வெட்டுமுகம் காற்றில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் எடை குறையும். மூன்று கிண்ணங்களில் தலா 10 கிராம் இட்டு, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் ஓவனில் வையுங்கள். பிறகு டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கலத்தில்) ஆறவிட்டு எடை போடுங்கள். சூடாகவே தராசில் வைத்தால் எடை குறைவாகக் காட்டும்.

10 கிராம் 5 கிராமானால் ஈரப்பதம் 50 சதவீதம். இது ஈர எடை அடிப்படையிலான கணக்கு. உலர் எடை அடிப்படையில் எழுதும் கட்டுரைகளில் இதே விதை 100 சதவீதம் என்று வரும். எந்த அடிப்படை என்று எழுதாத எண்ணை ஒப்பிடவே கூடாது.

3. உலர்த்துதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இலக்கு எடையை முன்பே கணக்கிடுங்கள்:

இலக்கு எடை = தொடக்க எடை × (100 − தொடக்க ஈரப்பதம்) ÷ (100 − இலக்கு ஈரப்பதம்)

50 சதவீத ஈரமுள்ள 1,000 கிராம் விதை 45 சதவீதத்தில் 909 கிராம் இருக்கும். 40-இல் 833, 35-இல் 769, 30-இல் 714 கிராம். ஒவ்வொரு இலக்குக்கும் தனி வலைப்பை. 25 டிகிரி அறையில் மின்விசிறிக் காற்றில் பரப்பி, நாளுக்கு இருமுறை எடை போடுங்கள். இலக்கை எட்டிய பையை மூடி ஒரு நாள் வைத்தால் ஈரம் உள்ளே சீராகப் பரவும். அதன்பின் ஓவனில் ஈரப்பதத்தை உறுதிசெய்யுங்கள்.

ஒவ்வொரு உலர்த்தல் தொகுதிக்கும் இணையாக, அதே வெப்பநிலையில், அதே நாட்கள், ஈரமான வெர்மிகுலைட்டில் (நீரைப் பிடித்துவைக்கும் இலேசான கனிமத் துகளில்) இன்னொரு தொகுதி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விதையைக் கொன்றது வறட்சியா, கடந்துபோன நாட்களா என்று சொல்லவே முடியாது. இடம் போதவில்லை, விதை போதவில்லை என்று பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். விதை குறைவென்றால் இலக்குகளைக் குறையுங்கள், இந்த இணைத் தொகுதியைக் கைவிடாதீர்கள்.

4. டெட்ராசோலியம் சோதனை

தொகுதிக்குப் பத்து விதை. தோலை உரித்து, நீளவாக்கில் பிளந்து, கருவைச் சிதையாமல் எடுங்கள். 100 மில்லி லிட்டர் தண்ணீரில் 0.1 கிராம் டெட்ராசோலியம் உப்பைக் கரைத்து, அதில் கருவை ஊறவிடுங்கள்; கரைசலின் பி.எச். 6.5 முதல் 7.5 வரை இருக்கட்டும். ஒளி பட்டால் கெட்டுவிடும், எனவே குப்பியை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். உயிருள்ள திசுவின் நொதிகள் நிறமற்ற உப்பைச் ஃபார்மசான் என்ற சிவப்புச் சாயமாக மாற்றும். சீரான இளஞ்சிவப்பு நலத்தைக் குறிக்கும். அடர்சிவப்பு பெரும்பாலும் காயமுற்ற திசு. வெளுத்த முளைவேர் நுனி இறந்தது. கொதிக்கவைத்த சில கருக்களையும் கூடவே சோதியுங்கள். அவையும் சிவந்தால் கரைசலில் கோளாறு.

5. முளைப்பு

தொகுதிக்கு 25 விதை வீதம் நான்கு பிரிவு. விதையுறையை நீக்கினால் சீக்கிரம் முளைக்கும், ஆனால் கரு அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில், ஈரமான வெர்மிகுலைட்டில் படுக்கைவாக்கில் விதையுங்கள். தண்ணீர் தேங்கினால் பூஞ்சை வரும். முளைவேர் கூர்முனையிலிருந்து கிளம்பி நேராகக் கீழே இறங்குவதால் ஆழமான குழாய்த் தொட்டி தேவை. வித்திலைகள் விதைக்குள்ளேயே தங்கிவிடும். தண்டு தெரியவில்லை என்று விதையைத் தோண்டி எறியாதீர்கள். வாரம் ஒருமுறை எண்ணி, 90 நாள் வரை தொடருங்கள். முளைக்காததைக் கடைசியில் வெட்டிப் பாருங்கள். உறுதியான வெள்ளைக் கரு இருந்தால் ‘முளைக்காதது’, கூழாகியிருந்தால் ‘இறந்தது’ என்று தனித்தனியாகப் பதியுங்கள்.