நாய் உள்ள வளவுக்குச் செயற்கைப் புல் பதிப்பது எப்படி?

செயற்கைப் புல் வாங்கப் போகிறவர்கள் முதலில் இழையைத் தடவிப் பார்ப்பார்கள். நாய் உள்ள வீட்டுக்கு அது போதாது. மூத்திரம் தேங்காமல் கீழே இறங்கவேண்டும், இறங்கியது கிணற்றுப் பக்கம் போகக்கூடாது. ஆகவே வேலையில் பெரும்பங்கு புல்லுக்கு அடியில்தான். கீழே உள்ள கணக்கெல்லாம் 12.5 அடி அகலம், 16 அடி நீளமான இடத்துக்கு, அதாவது 200 சதுர அடிக்கு.

இடமும் காலமும்

நண்பகல் வெயிலில் செயற்கைப் புல் 60 பாகை செல்சியசுக்கு மேலேயும் சூடாகும். நாயின் பாதம் வெந்துவிடும். மத்தியானம் நிழல் விழும் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் நிழல்வலை கட்டுங்கள். தண்ணீர் அடித்தால் குளிரும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பழையபடி சுடும். முருங்கைக்குக் கீழே மட்டும் வேண்டாம். அதன் பூவும் சிற்றிலையும் இழைக்குள் இறங்கினால் கூட்டி எடுக்க முடியாது.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கெதியாக நிலத்தடி நீரில் சேரும். மூத்திரத்திலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. குடாநாட்டில் பல கிணறுகளில் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் ஏற்கெனவே நைத்திரேற்று கூடுதல். ஆகவே கிணற்றடியை விட்டு எவ்வளவு தள்ளிப் போகலாமோ அவ்வளவு போங்கள். சரிவை வாழைப்பாத்திப் பக்கம் வையுங்கள், வாழைக்கு அந்த நைதரசன் உதவும்.

மாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் வெட்டிய குழி செம்மண் சேறாகிவிடும்.

வெட்டுதல்

4 அங்குலம் ஆழத்துக்கு வெட்டுங்கள். கோரை இருந்தால் கிழங்கோடு கிண்டி எடுக்கவேண்டும். புல்லை மட்டும் செதுக்கினால் அதன் முளை அடியில் விரிக்கும் துணியையும் செயற்கைப் புல்லையும் குத்திக்கொண்டு மேலே வரும். 3 அங்குலத்தில் கல் தட்டினால் அலவாங்கால் மல்லுக்கட்ட வேண்டாம், மொத்த மட்டத்தையும் ஒரு அங்குலம் உயர்த்துங்கள். நூல் கட்டி, தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்த்து, 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு கொடுங்கள்.

விளிம்பு

வெளிநாட்டுக் காணொளிகளில் சுற்றிவரப் பலகை பதித்து ஆணி அடிப்பார்கள். இங்கே பலகையைக் கறையான் தின்னும், 6 அங்குல ஆணி கல்லில் வளையும். அளந்த இடத்துக்குள் அடங்கும்படி சுற்றிவர 4 அங்குல அகலத்தில் கொங்கிறீற் கட்டு போடுங்கள். அதன் மேல்மட்டமும் கல்படுக்கையின் மேல்மட்டமும் ஒன்றாக இருக்கவேண்டும், புல் அதன் மேல் ஏறி ஒட்டும். தாழ்ந்த பக்கத்துக் கட்டின் அடியில் 2 அடிக்கு ஒன்றாக ஒரு அங்குல பிவிசி குழாய்த் துண்டு வைத்து வார்க்கவேண்டும். இதை மறந்தால் கட்டு அணையாகி, மழைத் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

கல்படுக்கை

தட்டி இறுக்கிய மண்ணின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரியுங்கள். ஓரங்கள் 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். பலர் இந்தத் துணியைக் கல்லுக்கு மேலே, புல்லுக்கு நேர் அடியில் போடுகிறார்கள். நாய் உள்ள இடத்தில் அது பெரும் பிழை. மயிரும் அழுக்கும் துணியில் படிந்து அது ஈரம் பிடித்த சாக்குப்போல ஆகிவிடும். பிறகு எத்தனை வாளி ஊற்றினாலும் மணம் போகாது. துணி கல்லுக்குக் கீழேதான்.

அதன்மேல் முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி 3 அங்குலம், அதற்கு மேல் கால் அங்குலச் சிறுசல்லி ஒரு அங்குலம். ஒரு கியூப் 100 கன அடி. முதற்படைக்கு 50 கன அடியும் இரண்டாவதற்கு 17 கன அடியும் வேண்டும். முக்கால் கியூப் சல்லியும் கால் கியூப் சிறுசல்லியும் எடுத்தால் குறையாது. ஒவ்வொரு படையையும் தனித்தனியாக இறுக்குங்கள்.

மட்டம் பிடிக்க இலகு என்று கல்தூளைப் போடச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். சுண்ணக்கல் தூள் நனைந்து காய்ந்தால் தரைபோல இறுகிவிடும், மூத்திரம் அதன்மேல் தங்கும். இறுக்கி முடிந்ததும் நாலைந்து இடத்தில் ஒவ்வொரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்ற ஊற்ற மறையவேண்டும். குட்டை கட்டினால் அந்த இடத்தைப் பிரித்துத் திருத்தாமல் மேலே போகக்கூடாது.

புல் பதித்தல்

25 முதல் 30 மில்லிமீற்றர் இழை போதும். இதைவிட நீளமானதில் மலம் சிக்கும். கடையிலேயே ஒரு துண்டின் மேல் தண்ணீர் ஊற்றி, அடியால் எவ்வளவு கெதியாக இறங்குகிறது என்று பாருங்கள். 2 மீற்றர் அகல றோல் இரண்டு வேண்டும், நீளம் 17 அடி.

றோலை விரித்து இரண்டு மணித்தியாலம் வெயிலில் விடுங்கள், சுருட்டல் நிமிரும். இரண்டு துண்டின் இழையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். மாறினால் இரண்டு நிறப் புல்போலத் தெரியும். பொருத்தும் ஓரங்களில் இரண்டு மூன்று தையல் வரிசையைப் பின்பக்கத்திலிருந்து, இரண்டு வரிசைக்கு இடையால் வெட்டி நீக்குங்கள். பொருத்தின் இடைவெளி 2 அல்லது 3 மில்லிமீற்றர். அடியில் பொருத்து ரேப் (இணைப்பு நாடா) வைத்துப் பொலியூரிதேன் பசை பூசி, இழை பசைக்குள் அகப்படாமல் விரலால் விலக்கி விலக்கி அமர்த்துங்கள். அவசரப்பட்டால் கோடு தெரிவது இங்கேதான். விளிம்பையும் கட்டின் முழு அகலத்துக்கும் ஒட்டி, ஒரு நாள் செங்கல் பாரம் வையுங்கள். நாய் கிண்டத் தொடங்குவது விளிம்பில்தான்.

கழுவி உலர்த்திய சிலிக்கா மணல் அல்லது சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் 100 கிலோ தூவி, ஈர்க்கு விளக்குமாற்றால் இழைக்கு எதிராகக் கூட்டுங்கள். சியோலைட் அமோனியாவைப் பிடித்துவைக்கும், மணம் குறையும். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பும் சிப்பித் துண்டும் இருக்கும்.

பராமரிப்பு

மலத்தைக் காயமுன் அள்ளுங்கள். நாய் வழமையாகப் போகும் மூலைக்குத் தினமும் தண்ணீர் அடியுங்கள், கிழமைக்கு ஒருமுறை வினாகிரி ஒரு பங்கும் தண்ணீர் மூன்று பங்கும் கலந்து தெளித்துக் கழுவுங்கள். பினாயில் ஊற்றவேண்டாம், நாய் பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். குளோரின் கலந்த வெளிற்றியும் கூடாது, மூத்திரத்து அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும். குப்பை கொளுத்துவதைப் புல்லிலிருந்து தூரவே வையுங்கள், ஒரு பொறி விழுந்தாலே இழை உருகி ஓட்டையாகும். கார்த்திகை விளக்கீட்டுக்கு முற்றத்தில் விளக்கு வைப்பவர்கள் அந்த வரிசையைக் கொங்கிறீற் கட்டுக்கு வெளியே, மண்ணில் வையுங்கள்.