பொய் சொல்லும் கதைசொல்லியா? சஸ்பென்ஸ் வாசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியல் சஸ்பென்ஸ் நாவல்களை விரும்பிப் படிப்பவர்களிடமே இரண்டு புலம்பல்கள் உண்டு. "பாதியிலேயே கண்டுபிடிச்சுட்டேன், அப்புறம் சப்புனு போயிடுச்சு" என்பார் ஒருவர். "கடைசியில் இப்படி ஏமாத்திட்டாங்களே" என்பார் இன்னொருவர். இருவருக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான். கதை சொல்லும் 'நான்' நம்பத்தகாதவர் என்பதைக் கடைசி அத்தியாயத்தில் வெடிக்கப்போகிற ஒரு முடிச்சாக மட்டும் பார்க்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்தே கிடைக்கிற சுகம் ஒன்று இருக்கிறது: சொல்லப்படுவதற்கும் நமக்குத் தெரிவதற்கும் நடுவே ஓர் இடைவெளி விழுவதும், அதை நாமே துழாவிப் பார்ப்பதும். அதைக் கெடுத்துக்கொள்ளும் பழக்கங்கள் சில உண்டு.

"ஆள் பொய் சொல்றான்" என்று முத்திரை குத்துவது

'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற கருத்தை 1961இல் வெளிவந்த தன் விமர்சன நூலில் பெயர் சூட்டி வகுத்தவர் அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத். அவர் பொய்யை மட்டும் அளவுகோலாக வைக்கவில்லை. ஒரு படைப்பு எந்த மதிப்பீடுகளின் மேல் நிற்கிறதோ, அவற்றோடு கதைசொல்லியின் பேச்சும் செயலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். ஒத்துப்போகாவிட்டால் அவர் நம்பகமற்றவர். அதனால் உண்மையை மட்டுமே சொல்லிக்கொண்டு ஒருவர் நம்பகமற்றவராக இருக்க முடியும்.

எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய, இதயத் துடிப்பு காதில் விழும் அந்தச் சிறுகதையைப் பாருங்கள். கதைசொல்லி தான் செய்த கொலையை மறைப்பதே இல்லை, அவரே விலாவாரியாகச் சொல்கிறார். தனக்குப் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்கத்தான் அவ்வளவு பேச்சும். நாம் நம்ப மறுப்பது அந்த ஒன்றைத்தான்.

வேண்டுமென்றே மறைப்பவர், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்பவர், நடப்பது புரியாத வயதில் இருப்பவர், நினைவு தப்பியவர் என்று இதில் பல வகை. நினைவு தப்புவதற்கு நோயோ குடியோ வேண்டும் என்றும் இல்லை. உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் ஒரு சோதனை செய்தார்கள். 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். 50 பேரிடம் கார்கள் 'இடித்தபோது' என்றும், இன்னொரு 50 பேரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்றும் கேள்வியில் ஒரு வினை மட்டும் மாறியது. மிச்சம் 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி வந்தது. முதல் கூட்டத்தில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், இரண்டாவதில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. அந்த 16 பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சாட்சி ஒருவர் 300 பக்கம் பேசினால் எப்படி இருக்கும்? நல்ல உளவியல் சஸ்பென்ஸ் அங்கேதான் நிற்கிறது.

முடிச்சைத் தேடி ஓடுவது

எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான். வேகமாகப் புரட்டினால் கதை புரியும், குரல் காதில் விழாது. ஓர் உதாரணத்துக்காக நானே எழுதிய சில வரிகள்:

"பத்து மணிக்கு விளக்கை அணைத்தேன். படுத்த உடனே தூங்கிவிட்டேன். ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மழை. அவர் எப்போது வெளியே போனார் என்றே தெரியாது. காலையில் எழுந்து பார்க்கிறேன், அவருடைய குடை மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, சொட்டச் சொட்ட."

ஓட்டமாகப் படிப்பவருக்கு இதில் கிடைப்பது ஒரே செய்தி: கணவர் காணாமல் போய்விட்டார். கொஞ்சம் நின்று பார்த்தால் மூன்று இடத்தில் கால் இடறும். படுத்த உடனே தூங்கியவருக்கு மழை விட்டுவிட்டுப் பெய்தது எப்படித் தெரியும்? போனவர் குடையை எடுத்துப் போகவில்லை என்றால் அது ஏன் நனைந்திருக்கிறது? இன்னும் சொட்டுகிறது என்றால், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு போய் வந்தது யார்?

இங்கேதான் அவசரப்படக் கூடாது. அவள் பொய் சொல்லலாம். மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கி, நடுவே எழுந்து நடமாடியது நினைவில்லாமல் இருக்கலாம். ஒரு வம்பும் இல்லாமல், மழையைப் பற்றிப் பிறகு யாரோ சொல்லக் கேட்டதைத் தானே கேட்டதுபோல் நினைத்துக்கொண்டிருக்கலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போவதில்தான் ருசி. ஒன்றைப் பிடித்துக்கொண்டு "இவதான் பண்ணியிருக்கா" என்று பந்தயம் கட்டினால், மீதி நாவல் உங்களுக்கு வெறும் தேர்வு முடிவு. ஜெயித்தாலும் தோற்றாலும் அலுப்புதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குடை நனைந்திருப்பதை நமக்குச் சொன்னதே அவள்தான். மறைக்க நினைப்பவர் இதை ஏன் சொல்ல வேண்டும்? கதைசொல்லிக்குப் பின்னால் இருந்துகொண்டு, அவர் தலைக்கு மேல் எழுத்தாளர் நமக்குக் காட்டும் சைகை இது. இந்த வகை நாவல்களின் கவர்ச்சி இந்த ரகசியக் கூட்டில் இருக்கிறது.

மனநோயை விடையாக ஏற்றுக்கொள்வது

"அவளுக்கு மனநிலை சரியில்லை, அவ்வளவுதான்" என்று முடியும் நாவல்கள் நிறைய. வாசகர்களும் அதை ஒரு விளக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது விளக்கமே ஆகாது. அப்படி ஒரு கதாபாத்திரம் ஏன் இந்தக் குறிப்பிட்ட பொய்யைத் தேர்ந்தெடுத்தது, எதைப் பார்க்க மறுத்தது என்று சொல்லாத நாவல், நோயின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறது. மனநலச் சிக்கல் உள்ளவர்கள் என்றாலே ஆபத்தானவர்கள் என்ற எண்ணத்தையும் போகிற போக்கில் ஊட்டிவிடுகிறது.

குடியால் வரும் மறதியிலும் இந்தக் கோளாறு உண்டு. அளவுக்கு மீறிக் குடித்து நினைவு அடியோடு தப்பும்போது, அந்த நேரத்து நிகழ்வுகள் மூளையில் நீடித்த நினைவாகப் பதிவாவதே இல்லை. பதிவாகாதது பின்னால் திரும்பி வராது. அரைகுறையாகப் பதிந்த சில துண்டுகள் மட்டும் ஒரு தூண்டுதல் கிடைத்தால் மேலே வரலாம். கடைசி அத்தியாயத்தில் அந்த இரவு முழுவதும் சினிமாப்படம்போல வசனத்தோடு ஓடினால், சந்தேகப்பட வேண்டியது கதைசொல்லியை அல்ல, எழுத்தாளரை.

எல்லாவற்றையும் சந்தேகிப்பது

இந்த வகையில் ஊறிப்போனவர்களுக்கு வரும் வியாதி. கதைசொல்லி வாயைத் திறந்தாலே பொய் என்று எடுத்துக்கொண்டு, சுற்றி இருப்பவர்களை அப்படியே நம்பிவிடுவார்கள். நிதானமாகப் பேசும் கணவர், அக்கறையான மருத்துவர், எல்லாம் தெரிந்த தோழி என்று ஒருவரையும் விசாரிப்பதில்லை.

பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய நாடகம் ஒன்றில், வீட்டின் கேஸ் விளக்குகள் மங்குவதை மனைவி பார்க்கிறாள். கணவன் ரகசியமாக மேல்மாடியில் விளக்கேற்றுவதால்தான் கீழே மங்குகிறது. அவளுக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்று அவளையே நம்பவைக்கப் பார்க்கிறான் அவன். இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் 'கேஸ்லைட்டிங்' அங்கிருந்து வந்ததுதான். அவள் கண் அவளை ஏமாற்றவே இல்லை. தங்கள் நினைவின்மேல் நம்பிக்கை இழந்த பெண்கள் சொல்லும் இன்றைய குடும்பச் சஸ்பென்ஸ் நாவல்களில் பாதிக்கு இதுவே அடித்தளம். கதைசொல்லி தன்னையே நம்பவில்லை என்பதற்காக நாமும் அவளைக் கைவிட்டுவிட்டால், அவளை ஏமாற்றுகிறவன் பக்கம் போய் நிற்கிறோம்.

'நான்' என்று சொன்னால்தான் சந்தேகம், படர்க்கையில் சொன்னால் உண்மை என்ற கணக்கும் தப்பு. 'அவள் நினைத்தாள்', 'அவளுக்குத் தோன்றியது' என்றே நகரும் படர்க்கைக் கதை, ஒரே ஆளின் கண்ணுக்குள் நம்மைப் பூட்டிவைத்துவிட முடியும்.

மறைத்தலையும் மோசடியையும் குழப்பிக்கொள்வது

"ஏமாத்திட்டாங்க" என்ற புகார் புதிதல்ல. 1926இல் வந்த அகதா கிறிஸ்டி நாவல் ஒன்று இதே காரணத்துக்காகப் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. பெயரைச் சொல்லப்போவதில்லை, ஆண்டைச் சொன்னதே அதிகம். அடுத்த சில ஆண்டுகளில் துப்பறியும் கதைக்கு விதிமுறைகளே எழுதிவிட்டார்கள். குற்றவாளி துப்பறிவாளர்மேல் முறையாகப் பிரயோகிக்கும் தந்திரங்களைத் தவிர வேறு எதையும் வாசகர்மேல் ஏவக் கூடாது என்றார் துப்பறியும் கதை எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன், 1928இல். துப்பறிவாளரின் நண்பர் தன் மனதில் ஓடும் எதையும் வாசகரிடம் ஒளிக்கக் கூடாது என்றார் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ், 1929இல்.

இந்த விதிகளை அப்படியே கொண்டுவந்து இன்றைய நாவல்மேல் வைப்பது வேலைக்கு ஆகாது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருந்த கவலை நியாயமானது. நான் வைத்திருக்கும் சோதனை எளியது: நாவலை முடித்ததும் முதல் இரண்டு அத்தியாயங்களை மறுபடி படித்துப் பார்ப்பேன். விட்டுப்போன ஒரு மணி நேரம், கேட்ட கேள்விக்கு வராத பதில், தேவைக்கு மேல் அழுத்திச் சொன்ன ஒரு விவரம் என்று தடயம் அங்கே இருந்தால் அது மறைத்தல். முதல் படிப்பில் ஒரு பொருளும் இரண்டாம் படிப்பில் இன்னொரு பொருளும் தரும் வாக்கியங்கள் கிடைத்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி. தடயமே இல்லாமல் கடைசியில் ஓர் இரட்டைப் பிறவியை இறக்கினால் தாராளமாகத் திட்டுங்கள்.

கட்டாயம் ஒரு விடை வேண்டும் என்று அடம்பிடிப்பது

ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட பேய்க்கதை ஒன்றில், இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியை ஆவிகளைப் பார்ப்பதாக எழுதுகிறாள். அவை அவளுடைய மனப்பிரமைதான் என்று விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். இல்லை, பேய்தான் என்று எதிர்க்கட்சி. சண்டை இன்னும் ஓயவில்லை, கதையும் இன்னும் படிக்கப்படுகிறது. யாரோ சரியான விடையைச் சொல்லிவிட்டார்கள் என்று தேடிப்போய்ப் படித்துவிட்டு நிம்மதி அடைபவர்கள் அந்தக் கதையின் நடுக்கத்தை இழக்கிறார்கள்.

கதைசொல்லியின் திமிரையும் வக்கிரத்தையும் எழுத்தாளரின் கருத்தாக எடுத்துக்கொண்டு கொதிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வரி போதும்: நீங்கள் கொதிக்க வேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறது.

அப்புறம் ஸ்பாய்லர், அதாவது கதையின் முடிவை முன்கூட்டியே போட்டு உடைப்பது. சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிறுகதை படித்தவர்கள் சற்று அதிகமாகவே ரசித்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எதிர்மாறான முடிவும் கிடைத்தது. எனவே முடிவு தெரிந்துவிட்டதே என்று ஒரு நாவலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதற்காக அடுத்தவரிடம் போட்டு உடைக்கவும் உரிமை இல்லை. இந்த வகையில் கொலைகாரர் பெயரைவிடப் பெரிய ஸ்பாய்லர், "கதை சொல்றவரை நம்பாதீங்க" என்பதுதான். சில நாவல்களில் அது முதல் வரியிலேயே தெரியும், அங்கே சொல்லலாம். மற்றவற்றில், நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது "மெதுவாப் படி" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.