டிஃபென்டர் கொம்பியூட்டரை இழுத்துப் பிடிக்குதா? அணைக்காமல் அடக்கும் வழி

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜரில் சிபியு என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வரும். அங்கே ‘ஆன்டிமால்வேர் சேர்விஸ் எக்சிகியூட்டபிள்’ நின்றால் அது வின்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபென்டர். குரோம் நின்றால் இந்தப் பதிவு உங்களுக்கு உதவாது, டேப்களை மூடுங்கள்.

“முழுக்க நிப்பாட்டினால் என்ன அண்ணே?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் தட்டச்சுக் கடைக்கு ஊர்ப்பட்ட பென்ட்ரைவ் வந்துபோகிறது. செருகினால் உள்ளே வைரஸ் வேலையால் ஃபோல்டரெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிக் கிடக்கும். காவலை எடுத்துவிட்டு அதைத் திறக்க எனக்குத் துணிவில்லை. வின்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி போட்டு நிரந்தரமாக அணைக்கும் பழைய வித்தையும் 2020க்குப் பிறகு வீட்டுக் கணினிகளில் எடுபடாது. கோப்புகளைத் திறக்கும்போதே சோதிக்கும் ரியல்-டைம் காவலின் சுவிட்சை அணைத்தாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்ப வந்துவிடும்.

முதல் வேலை, ஸ்கேன் நேரத்தை மாற்றுவது. ஸ்டார்ட்டில் டாஸ்க் ஷெடியூலர் என்று தேடித் திறந்து, இடப்பக்கம் லைப்ரரி, மைக்ரோசொஃப்ட், வின்டோஸ் என்று விரித்துக்கொண்டு போங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பெயருக்கு முன்னால் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால்தான் உள்ளே விரியும். வின்டோஸுக்குள் ஒரு பட்டாளமே இருக்கும், வின்டோஸ் டிஃபென்டர் கிட்டத்தட்ட அடியில் கிடக்கும். அதற்குள் நான்கு வேலைகள். ‘ஷெடியூல்ட் ஸ்கேன்’ என்று முடிவதை மட்டும் இரட்டைக் கிளிக் செய்யுங்கள், மற்ற மூன்றில் கை வைக்க வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் ட்ரிகர்ஸ் பக்கத்தில் ‘நியூ’ கொடுத்து, கிழமைக்கு ஒரு நாள், நேரம் என்று போடலாம். இணையத்தில் எல்லோரும் இரவு இரண்டு மணி என்பார்கள். கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற ஊருக்கு அது சரிவராது, மாரியில் இடி மின்னலுக்குப் பயந்து வீடுகளிலும் அப்படித்தான். செட்டிங்ஸ் பக்கத்தில், தவறிய ஸ்கேனை முடிந்தவரை விரைவில் ஓட்டு என்ற பெட்டியில் டிக் இருந்தால், காலையில் முதல் ஆள் விண்ணப்பப் படிவத்தோடு வந்து நிற்கும்போதுதான் ஸ்கேன் தொடங்கும். அந்த டிக்கை எடுங்கள். நான் போட்டிருப்பது மதியச் சாப்பாட்டு நேரம். கொண்டிஷன்ஸ் பக்கத்தில் எல்லா டிக்கையும் எடு என்று சொல்பவர்கள் உண்டு, நான் எடுப்பதில்லை. கணினி சும்மா இருந்தால் மட்டும் தொடங்கு, ஆள் தொட்டால் நிறுத்து, சார்ஜர் செருகியிருந்தால் மட்டும் ஓடு, மூன்றும் இருக்கட்டும்.

மறுகா எக்ஸ்க்ளூஷன், அதாவது சில இடங்களைச் சோதிக்காமல் விலக்கிவைப்பது. வின்டோஸ் செக்கியூரிட்டியில் வைரஸ் பகுதிக்குப் போய், மெனேஜ் செட்டிங்ஸைத் திறந்து, அடியில் பாருங்கள். கலியாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இதுதான் பெரிய ஆறுதல்: எடிட்டிங் மென்பொருள் தற்காலிகக் கோப்புகளைப் போடும் கேஷ் ஃபோல்டரை மட்டும் விலக்கினால் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை டிஃபென்டர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்காது. ‘ஃபோல்டர்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ‘ப்ரொஸஸ்’ என்று போட்டால் அந்த மென்பொருள் திறக்கும் எந்தக் கோப்பும் அந்த நேரத்தில் சோதிக்கப்படாது, பென்ட்ரைவிலிருந்து திறப்பதும் உட்பட. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருபோதும் விலக்காதீர்கள்.

கட்டளை தட்டி வேலை வாங்கும் பவர்ஷெல் பழக்கமுள்ளவர்கள் ஸ்கேனுக்கான சிபியு வரம்பையும் குறைக்கலாம். இயல்பாக அது 50 சதவீதம். கணினி சும்மா இருக்கும்போது ஓடும் ஸ்கேனுக்கு அந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது என்பதால் நான் மினக்கெடவில்லை.

பின்சேர்க்கை: சிபியு சரி, மெமரிதான் குறையவில்லை என்று கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. என் லெப்டொப்பில் சும்மா இருக்கும்போதே டிஃபென்டர் 200 எம்பி பக்கம் பிடிக்கும், அது வழக்கம்தான். 4 ஜிபி ரெம்மோடு மல்லுக்கட்டுவதைவிட இன்னொரு 4 ஜிபி போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்ற முடிந்தால் அதை முதலில் செய்யுங்கள்.

இன்னொன்று: சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் விசிறி இரைவதற்கெல்லாம் டிஃபென்டர் பொறுப்பில்லை. டாஸ்க் மெனேஜரில் சிபியு பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தும் லெப்டொப் கொதித்தால், அடிப்பக்கத்தைக் கழற்றித் தூசு தட்டுங்கள்.