பேஷன் படம் எடுக்க வாற ஆக்களுக்கு: நான் விழுந்த குழியிலயே நீங்களும் விழாதேங்கோ

போன மாசம் ஒரு ஷூட்டுக்கு லைட் பிடிக்க வந்த தம்பி ஒருத்தன், மத்தியானம் சோத்துப் பார்சலை அவிழ்த்துக்கொண்டே சொன்னான், "அக்கா எனக்குத் தனிய ஒரு பெரிய வேலை கிடைச்சிருக்கு, சாறிக்கடை, நாப்பது சாறி, எல்லாம் வட்ஸப்பில கதைச்சு முடிச்சாச்சு." என்னத்தை முடிச்சனி எண்டு கேட்டன். காசு எவ்வளவு, எத்தினை மணிக்கு வரவேணும், அவ்வளவுதான். படத்தை எங்க எல்லாம் போடப்போகினம் எண்டு கேட்டனியா? "அது பரவாயில்லை அக்கா, எடுத்தது நான்தானே, கொப்பிரைட் எனக்குத்தான், யூடியூப்பில எல்லாரும் சொல்லினம்." பருப்புக்கறி தொண்டையில நிண்டிட்டுது. 2015ல நான் சொன்ன அதே வசனம், ஒரு எழுத்து மாறேல்லை.

அதால இதை எழுதுறன். பட்டரி சார்ஜ் பண்ணிக்கொண்டு போங்கோ, கார்ட் ரெண்டு வைச்சிருங்கோ எண்டெல்லாம் சொல்லப்போறேல்லை, அதை ஒருக்கா மறந்து அவமானப்பட்டால் சாகும்வரைக்கும் மறக்கமாட்டியள். செய்யேக்க பிழை எண்டே தெரியாத பிழையள்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

எழுதி வாங்காமல் வேலைக்குப் போறது

2015, தீவாளிக்கு ரெண்டு மாசம் முந்தி. ஒரு சாறிக்கடை, பேர் வேண்டாம். ரெண்டு நாள், 38 சாறி, 45,000 ரூபா. அப்ப எனக்கு அது பெரிய காசு, கொட்டாஞ்சேனையில இருந்து த்ரீவீலில லைட் ஸ்டாண்டை மடியில வைச்சுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போன காலம். முதலாளி நல்ல மனுசன் மாதிரித்தான் கதைச்சவர், "எங்கட பேஸ்புக் பேஜுக்குத்தான் பிள்ளை, சும்மா சின்னதா" எண்டவர். நானும் மொடலிட்ட அப்பிடியே சொன்னன். மொடல் எண்டாலும் ஏஜென்சிப் பிள்ளை இல்லை, கம்பஸ் படிக்கிற பிள்ளை, முதல்முறை கமராவுக்கு முன்னால நிக்குது. தாய் ரெண்டு நாளும் கூட வந்து மூலைக் கதிரையில இருந்து, கொண்டுவந்த பிளாஸ்க்கில எங்களுக்கும் தேத்தண்ணி ஊத்தித் தந்தவ.

ஷூட் முடிஞ்சு மூண்டாம் கிழமை அந்த அம்மா கோல் எடுத்தா. கொள்ளுப்பிட்டிச் சந்தியில பிள்ளையின்ர முகம் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு நிக்குதாம், சொந்தக்காரர் எல்லாம் படம் பிடிச்சு அனுப்பினமாம். அவ கத்தேல்லை. "உங்களை நம்பித்தானே பிள்ளை விட்டனாங்கள்" எண்டு மட்டும் சொல்லிட்டு வைச்சிட்டா. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

பஸ் ஏறிப் போய்ப் பாத்தன். என்ர படம்தான். ஆனால் பிள்ளையின்ர முகத்தைப் பவுடர் கொட்டின மாதிரி வெளுப்பாக்கி, பின்னால இருந்த சாம்பல் திரையை வெட்டி எறிஞ்சுபோட்டு ஏதோ ஒரு அரண்மனையை ஒட்டியிருக்கு, வெட்டினவனுக்கு அவசரம் போல, முந்தானையின்ர கரை ஒரு பக்கம் அறுந்துபோய்த் தொங்குது. பிறகு அதே படம் பஸ்ஸுக்குப் பின்னால வந்தது, பேப்பரில முழுப்பக்கம் வந்தது, "தீவாளி" எண்டதை அழிச்சுப்போட்டு "பொங்கல்" எண்டு வந்தது, சித்திரைக்கு இன்னொருக்கா வந்தது. எல்லாம் அந்த 45,000க்குள்ள. முதலாளிக்குக் கோல் எடுத்தால், "காசு தந்தாச்சே பிள்ளை, பிறகென்ன?"

விடுறேல்லை எண்டு புதுக்கடையில ஒரு லோயரிட்ட போனன், போற வழியிலயே நட்டஈட்டுக் கணக்கெல்லாம் மனசுக்குள்ள போட்டு முடிச்சாச்சு. மனுசன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுப்போட்டு ஒரு புத்தகத்தை எடுத்து, ஒரு வரிக்குக் கீழ பென்சிலால கோடு போட்டு என்ர பக்கம் திருப்பினார். இலங்கையின்ர 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒருத்தர் சொல்லிச் செய்விச்ச வேலை எண்டால் அதின்ர பொருளாதார உரிமை, அதாவது படத்தைப் பாவிச்சுக் காசாக்கிற உரிமை, செய்விச்ச ஆளுக்குத்தான், வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தால் ஒழிய. யூடியூப்பில நீங்கள் கேக்கிறது அமெரிக்கக் கதை, அங்க தனிய வேலை செய்யிற போட்டோகிராபர் எழுதிக் குடுத்தால்தான் உரிமை கைமாறும். இங்க தலைகீழ். எழுதி வைக்காட்டில் கிளையண்டுக்குப் போயிடும். மாசச் சம்பளத்துக்கு ஒரு கொம்பனியில நிண்டு எடுக்கிற படமும் அப்பிடித்தான், கொம்பனிக்கு.

உங்களிட்ட மிஞ்சுறது தார்மீக உரிமை எண்டு ஒண்டு, என்ர பேரைப் போடு எண்டு கேக்கலாம், மானம் போற மாதிரிப் படத்தைச் சிதைச்சால் எதிர்க்கலாம். "அந்த அரண்மனைக்கு வழக்குப் போடலாம் தங்கச்சி, ஆனால் எனக்குத் தாற காசு 45,000ஐத் தாண்டும்" எண்டார். அண்டைக்கு அவர் பீஸும் வாங்கேல்லை, அதுவும் ஒரு அவமானமாத்தான் இருந்தது.

இப்ப நான் செய்யிறது இதுதான். ஷூட்டுக்கு முதல் ஒரு பக்க ஈமெயில், பெரிய இங்கிலீஷ் எல்லாம் தேவையில்லை. உரிமை போட்டோகிராபருக்கு, கடைக்குப் பாவிக்க அனுமதி எண்டதுதான் முதல் வரி. பிறகு எங்க பாவிக்கலாம் (இன்ஸ்டா, வெப்சைட், கடைக்குள்ள, பில்போர்ட், பேப்பர், எது எது எண்டு பிரிச்சு), எவ்வளவு காலம், எந்த நாட்டில, அதுக்கு மேல வேணுமெண்டால் மேலதிகக் காசு. முடிச்சுத் தாற படம் எத்தினை, ரீடச் (எடுத்த படத்தைக் கொம்பியூட்டரில திருத்திறது) எத்தினைதரம் மாத்தலாம், பாதிக்காசு முதலே, றோ பைல் (கமராவில பதிஞ்ச திருத்தாத மூலப் படம்) தாறேல்லை, மழைக்கு நிண்டுபோனால் என்ன, கிளையண்ட் கடைசி நேரம் நிப்பாட்டினால் என்ன. அவையள் "ஓம், சரி" எண்டு பதில் போட்ட பிறகுதான் லைட் வாடகைக்குச் சொல்லுவன். ஈமெயில் செல்லுமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு, 2006ல வந்த இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி மின்னஞ்சலில செய்தது எண்ட ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தத்தைச் செல்லாது எண்டு தள்ளேலாது. ஆனாலும் பெரிய தொகை எண்டால் கடதாசியில கையெழுத்து வாங்குங்கோ, ஒருக்கா ஒரு லோயருக்குக் காட்டுங்கோ, ஒருதரம் எழுதி எடுத்தால் பத்து வருசத்துக்கு அதையே மாத்தி மாத்திப் பாவிக்கலாம்.

மொடலிட்டயும் அதே மாதிரி ஒரு தாள். கடைக்கு என்ன அனுமதியோ அதேதான் மொடலின்ர தாளிலயும் இருக்கவேணும், ஒரு வரி கூடக்குறைய இருக்கப்படாது. பதினெட்டு ஆகாத பிள்ளை எண்டால் தாய் தகப்பன் கையெழுத்து. அந்த அம்மாவின்ர நம்பர் இப்பவும் என்ர போனில இருக்கு, எடுக்கத்தான் முகமில்லை.

ஆருக்குச் சும்மா செய்யிறது

சும்மா செய்யவே வேண்டாம் எண்டு சொல்லமாட்டன், நானும் செய்தனான். மொறட்டுவைக் கம்பஸில பேஷன் டிசைன் படிக்கிற பிள்ளையளின்ர கடைசி வருசக் கலெக்ஷனுக்குப் படம் எடுத்துக் குடுங்கோ, அவையிட்டயும் காசில்லை உங்களிட்டயும் பேரில்லை, ரெண்டுபேரும் சேந்து வளருவியள், நாளைக்கு அவை ஒரு பிராண்டில இருக்கேக்க முதல் கோல் உங்களுக்குத்தான் வரும். மூண்டு கிளை வைச்சிருக்கிற கடைக்காரர் "எக்ஸ்போஷர் தாறம் தம்பி", அதாவது காசுக்குப் பதிலா உங்கட பேரை நாலு பேருக்குக் காட்டுறம், எண்டால் மட்டும் கமராப் பையை மூடுங்கோ. எக்ஸ்போஷர் கமராவிலயே இருக்கு.

சாமான் வாங்கிற வருத்தம்

2022ல ரூபா விழுந்த விழுக்காட்டில, 200க்குக் கிட்ட நிண்ட டொலர் 360 தாண்டிப் போச்சு, கடனுக்கு லென்ஸ் எடுத்த பெடியன்கள் பட்ட பாட்டைக் கண்ணால பாத்தனான். முதல் ரெண்டு வருசம் ஒரு கமராப் பொடி, ஒரு 50 லென்ஸ், ஒரு 85 லென்ஸ், ஒரு பிளாஷ், ஒரு குடை, மிச்சமெல்லாம் வாடகை. வாடகைக் காசைக் கிளையண்டின்ர பில்லில தனி வரியாப் போடுங்கோ, கூச்சப்படாதேங்கோ.

பின்னணித் திரைக்கு ஆயிரக்கணக்கில செலவழிக்கிற ஆக்களுக்கு ஒண்டு. ஏர்விங் பென் எண்ட பெரிய பேஷன் போட்டோகிராபர் 1950ல பாரிஸில கிடைச்ச ஒரு பழைய நாடகத் திரையைத்தான் கடைசிவரைக்கும் திருப்பித் திருப்பிப் பாவிச்சவர். நான் புறக்கோட்டையில கன்வஸ் துணி வாங்கி, வீட்டு மொட்டைமாடியில சுவர்ப் பெயின்ற்றும் பழைய ஸ்பொஞ்சும் வைச்சு அடிச்ச சாம்பல் திரை ஒன்பது வருசமா நிக்குது. ஒரு மூலையில பூனைக் காலடி இருக்கு, அதை மட்டும் பிரேமுக்குள்ள விடுறேல்லை.

மத்தியான வெயில்

வெளிநாட்டு வீடியோவில கோல்டன் அவர், அதாவது சூரியன் மறையமுந்தி வாற பொன் வெளிச்சம், எண்டு ஒரு மணித்தியாலமா ஓடித்திரியினம். எங்கட ஊர் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை தள்ளி இருக்கு, சூரியன் சரிஞ்சு சரிஞ்சு போறேல்லை, நேரா விழும். காலிமுகத்திடலில பின்னேரம் நல்ல வெளிச்சம் எண்டு நீங்கள் மொடலுக்குச் சாறி கட்டிவிட்டு பின் குத்தி முடியிறதுக்குள்ள இருட்டிடும். அதால உடுப்பு, மேக்கப் எல்லாம் நாலரைக்கே தயாராயிருக்கவேணும். மத்தியானம் பன்ரெண்டுக்கு எண்டால், அதுவும் ஏப்ரல் முதல் கிழமையிலயும் செப்டம்பர் முதல் கிழமையிலயும் சூரியன் உச்சந்தலையில நிக்கும், கண்குழி ரெண்டும் கறுத்துப்போயிடும். அந்த நேரம் வெளியில நிக்காதேங்கோ, ஒரு பழைய வீட்டு விறாந்தைக்குள்ள வாங்கோ, முத்தத்துச் சீமெந்தில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் ஒரு லட்ச ரூபா சொப்ட்பொக்ஸை (லைட்டை மெதுவாக்கிற துணிப் பெட்டி) விட நல்லது. எங்கட நாட்டுப் போட்டோகிராபர் லயனல் வென்ட் 1930களில எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கோ, தோலிலயும் துணியிலயும் எங்கட வெளிச்சம் எப்பிடி நிக்குது எண்டு தெரியும்.

கத்தரிப்பூ கலர்

கமரா கத்தரிப்பூ கலரை நீலமாக்கும். கடையின்ர டியூப்லைட், உங்கட பிளாஷ், ஜன்னல் வெயில் மூண்டும் கலந்தால் அந்தக் கலரைத் திருப்பிக் கொண்டுவரவே ஏலாது. ஒன்லைனில வாங்கின ஆள் "படத்தில வேற கலர்" எண்டு சாறியைத் திருப்பி அனுப்பினால் கடைக்காரர் உங்களைத்தான் ஏசுவார், நியாயமாத்தான் ஏசுவார். டியூப்லைட்டை நூருங்கோ, ஒவ்வொரு லைட் மாத்தத்துக்கும் கிரே கார்ட் (கலர் சரிபாக்கிற சாம்பல் அட்டை) பிடிச்சு ஒரு படம், ரீடச் பண்ணேக்க சாறியை மடியில வைச்சுப் பாத்துச் செய்யுங்கோ.

முகத்தை வெள்ளையாக்கிறது

கிளையண்ட் கேட்டாலும் செய்யாதேங்கோ.

லேட்டாப் போறது

மொடலும் மேக்கப் அக்காவும் உங்களுக்கு முதல் வந்திருந்தால் அண்டைக்கு நீங்கள் பொஸ் இல்லை.

பூஞ்சணம்

கொழும்புக் காத்தில ஈரம், கடற்கரையில உப்பு. லென்ஸைத் தோல் பைக்குள்ள போட்டு அலுமாரியில பூட்டி வைச்சால் ரெண்டு மழைக்காலத்துக்குள்ள கண்ணாடிக்குள்ள சிலந்திவலை மாதிரி வந்திடும். டிரை கபினட் (ஈரம் சேராமல் வைச்சிருக்கிற அலுமாரி) வாங்கக் காசில்லாட்டில் இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், மாசத்துக்கு ஒருக்கா ஜெல்லைச் சூடாக்கிக் காய வையுங்கோ. காலிமுகத்திடலில இருந்து வந்தால் அண்டைக்கே துடைக்கவேணும், "நாளைக்குத் துடைப்பம்" எண்டுதான் என்ர முதல் 85 போனது.

அந்தத் தம்பி நேற்று ராத்திரி மெசேஜ் போட்டிருக்கிறான். ஈமெயில் அனுப்பிட்டானாம், கடைக்காரரும் பதில் போட்டவராம்: பில்போர்ட்டும் வேணும், ஆறு மாசம் காணாது ஒரு வருசமாப் போடுங்கோ எண்டு. "எவ்வளவு கூட்டிக் கேக்கிறது அக்கா?" எண்டு கேட்டிருக்கிறான். இனித்தான் கோல் எடுக்கவேணும்.